கதிரை கேட்ட கப்பல்காரர்

எனக்கு இடுப்பு நோகத் தொடங்கியது மோர்னிங்சைட்டில், எங்கள் வீட்டு நிலவறைப் படிக்கட்டில். அது வெளியே தெரியவந்தது மெக்சிக்கோவில், படகு திருத்துகிற ஒரு முற்றத்தில். இரண்டுக்கும் இடையில் இரண்டரை வருடம். தெரியவந்ததற்குக் காரணம் நான் உட்கார என் கணவர் கேட்ட ஒரு கதிரை. இந்தக் கதையை ஸ்காபரோவில் பாதிப் பேருக்கு நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். கலியாண வீடுகளில் சொன்னேன், ஒரு செத்தவீட்டில்கூடச் சொன்னேன். இப்போது உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம், நான் சொன்ன கதை பிழை.

இவர் இளவயதில் சரக்குக் கப்பல்களில் வேலை செய்தவர். கப்பல்காரர் என்றதும் ஆட்கள் வெள்ளைத் தொப்பியும் தூரக்கண்ணாடியும் என்று நினைப்பார்கள். இவர் எஞ்சின் அறையில் நின்றவர், கப்பலின் அடிவயிற்றில். பதினாறு வருடம் உலகத்தைச் சுற்றினார், பார்த்தது முழுக்க எஞ்சின். துறைமுகம் வந்தால் மேலே ஏறி மூச்சு விடுவார், சவர்க்காரம் வாங்குவார், திரும்பக் கீழே இறங்குவார். கனடாவுக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஒரு தொழிற்சாலையில் மெசின் திருத்தினார். அங்கேயும் ஜன்னல் இல்லை.

பென்சன் எடுத்த அடுத்த கிழமை, ஸ்காபரோ மண்மலைகளுக்குக் கீழே ஏரிக்கரையில் ஒரு கிழட்டுப் பாய்ப்படகை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். "எஞ்சின் இல்லாமல் ஒருக்காப் போய்ப் பாக்கவேணும்" என்றார். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "மீன் பிடிக்கவோ?" இல்லை என்றதும் எங்களில் இருந்த மரியாதை குறைந்தது. நானும் முதலில் திட்டினேன். பிறகு ஒரு நாள், காற்றுப் பிடித்துப் பாய் விம்மியபோது, இந்த மனிதர் சுக்கானைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்துச் சிரித்ததைக் கண்டேன். அந்தச் சிரிப்பை நான் கலியாண அல்பத்தில்கூடக் கண்டதில்லை. அன்றிலிருந்து அவர் கப்டன், மிச்ச வேலை எல்லாம் நான்.

ஆறு கோடை அப்படிப் போனது. நாலாவது கோடையில் இடுப்புத் தொடங்கியது. நான் ஒரு பேக்கரியில் இருபத்தொரு வருடம் நின்றபடியே வேலை செய்தவள், எங்கேயாவது ஒரு நாள் அது வெளியே வரத்தானே வேண்டும். இவரிடம் சொல்லவில்லை, என்ன என்று கேட்டால் ஒண்டுமில்லை என்பேன். சொன்னால் அடுத்த நாளே படகை விற்றுவிடுவார் என்று எனக்குத் தெரியும். விற்றுவிட்டு நிலவறைக்குள் போய் உட்கார்ந்து, அங்கேயுள்ள வெந்நீர்க் கொதிகலனைத் திருத்தத் தொடங்குவார். அந்தச் சிரிப்பு போய்விடும் என்று எனக்குப் பயம். டொக்டரிடமும் சொல்லவில்லை. டொக்டரிடம் போனால் இவரும் கூடவே உள்ளே வந்து, என்னைவிட முந்திப் பதில் சொல்லுகிற ஆள். ஆகையால் நோக்குளிசைகளை வாங்கி, சீரகப் போத்தலில் போட்டு வைத்தேன். இவர் குசினிக்குள் வருவது தேத்தண்ணிக்கு மட்டும்.

போன குளிர்காலம், படகுச் சங்கத்தில் பழக்கமான ஒரு வெள்ளைக்காரச் சோடி எங்களைக் கேட்டது. மெக்சிக்கோவின் மேற்குக் கரையில், ஒரு சின்ன ஊரில், அவர்களுடைய பெரிய பாய்ப்படகு நிற்கிறது. அவர்களால் இந்த வருடம் போகமுடியாது. அடிப்பாகத்துக்குப் பெயின்ற் அடித்து, தண்ணீரில் இறக்கி, ஒரு மாதம் ஓட்டிக்கொண்டு இருங்களேன் என்றார்கள். இவர் என்னைப் பார்த்தார். சின்னப்பிள்ளை கோன் ஐஸ்கிறீம் கேட்கிற முகம். "ஓம் போவம்" என்றேன். சீரகப் போத்தலை நிரப்பி எடுத்துக்கொண்டேன்.

படகு நிற்கிறது என்று அவர்கள் சொன்னது முழு உண்மை. அது இரும்புக் கால்களின் மேல், கடலிலிருந்து நானூறு அடி தள்ளி, பற்றைகளுக்கு நடுவே நின்றது. அதில் ஏறுவதற்கு ஒரு ஏணி, பதினொரு படி. படகு தரையில் நிற்கும்போது அதனுடைய கக்கூசைப் பாவிக்கக்கூடாதாம். கக்கூஸ் முற்றத்தின் மற்ற மூலையில் இருந்தது. பதினொரு படி இறங்கவேண்டும், பதினொரு படி ஏறவேண்டும். நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன்.

திங்கட்கிழமை கிரேன் வந்து படகைத் தூக்கித் தண்ணீரில் விடும் என்று முற்றத்துக் காவல்காரர் சொன்னார். எந்தத் திங்கட்கிழமை என்று நாங்கள் கேட்கவில்லை, அது எங்களுடைய பிழை. ஆகவே கடலோடிகளான நாங்கள் இருவரும் தரையில் நின்ற படகில் குடித்தனம் நடத்தினோம். ஒரு நாள் காலை உடும்பு மாதிரி ஒரு பெரிய பிராணி ஏணியின் நடுப்படியில் படுத்து வெயில் காய்ந்தது. இவர் மேலேயிருந்து "சூ, சூ" என்றார். அது எங்களை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு மற்றக் கண்ணை மூடியது. பத்து மணிவரை நாங்கள் படகிலிருந்து இறங்கவில்லை. அன்று காலை எனக்கு இடுப்பு நோகவே இல்லை. அந்தப் பிராணிக்கு நான் இன்றும் கடமைப்பட்டவள்.

பாசைப் பிரச்சினை இருக்கும் என்று நான் பயந்திருந்தேன். இவர் பயப்படவில்லை. முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்: "இஞ்சேரும், இவங்கள் கதைக்கிறது யாழ்ப்பாணத் தமிழ்." அந்தக் காலத்தில் போர்த்துக்கீசர் வந்து எங்களிடம் கொஞ்சச் சொற்களை விட்டுப் போனார்கள் அல்லவா, அவற்றின் ஒன்றுவிட்ட சகோதரங்கள் எல்லாம் இந்த ஊரில் உயிரோடு இருந்தன. பாணுக்குப் பாண் என்றே சொன்னார்கள். மேசைக்கு மேசா. குசினிக்குக் கொசீனா. சப்பாத்துக்குச் சப்பாத்தோ. இவர் கடைகடையாகப் போய்த் தமிழில் கதைத்தார். கேட்ட சாமான் பாதி நேரம் கிடைத்தது. கிடைத்தபோதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கிடைக்காத நாளும் உண்டு. பெயின்ற் அடித்து இவருடைய களிசான், போட்டிருந்த ஒரே நீளக் காற்சட்டை, நாசமாகிவிட்டது. சந்தையில் ஒரு உடுப்புக்கடையில் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "களிசான்" என்றார். கடைக்காரப் பெண் இவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கண்ணாலேயே என்னை அளந்தாள். பிறகு மேசைமேல் பெண்பிள்ளைகள் போடுகிற உள்காற்சட்டைகளைப் பரப்பினாள். சிவப்பு, கறுப்பு, ஒன்றில் ரேந்தைப் பின்னல். அங்கே அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தமாம். "உங்களுக்கென்ன விசரோ, வாங்கோ வெளியிலை" என்று இழுத்துக்கொண்டு வந்தேன். இவர் சிவப்பைப் பார்த்து, "துணி நல்லம்" என்றார்.

சொந்தமாகவும் இவரிடம் கொஞ்சம் சரக்கு இருந்தது, கப்பல் காலத்தில் சிலி நாட்டுத் துறைமுகங்களில் பொறுக்கியது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஒரு சாப்பாட்டுக்கடையில் சனமாக இருந்தது. நான் ஒரு மேசையைப் பிடித்தபடி நின்றேன். இவர் கடைக்காரரைப் பார்த்துச் சத்தமாக, "சீயா, சீயா" என்றார். எவனையோ சீ என்று பேசுகிறார், சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டு உள்ளேயிருந்து எனக்கு உட்கார ஒன்று கொண்டுவந்து போட்டார். மீனைச் சோள ரொட்டியில் சுருட்டிச் சாப்பிட்டோம். நல்ல சாப்பாடு, மிளகாய்த்தூள் காணாது.

இரண்டாம் கிழமை எனக்கு ஏணி பெரிய பாடாகிவிட்டது. இறங்கும்போது வலது கால் கீழ்ப்படியைத் தேடுகிற நேரம் கண்ணுக்குள் மின்னும். இவர் பார்க்கக்கூடாது. ஆகவே எப்போதும், "நீங்கள் முன்னாலை போங்கோ, நான் வாறன்" என்று துரத்தினேன். ஒரு நாள் போகாமல் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "என்ன பாக்கிறியள், சட்டை பறக்குதெல்லே, அங்காலை திரும்புங்கோ" என்று கத்தினேன். நாற்பத்தொரு வருடக் கலியாணத்துக்குப் பிறகு எனக்கு வெட்கம் வந்துவிட்டது. இவர் திரும்பி நின்றார்.

மூன்றாம் கிழமை ஒரு நாள் என்னால் எழும்பமுடியவில்லை. தடிமன், மூக்கடைப்பு என்றேன். இவர் தானே ரசம் வைத்தார். உறைப்பு இருந்தது, புளி இருந்தது, சீரகம் இல்லை.

"சீரகம் போடாமல் இதென்ன ரசம்?" என்றேன்.

"கிடைக்கேல்லை" என்றார்.

"போத்தல் கண்ணுக்கு முன்னாலை நிக்குது."

"காணேல்லை" என்றார். ஒரு எஞ்சினுக்குள் விழுந்த ஆணியை இருட்டில் தேடி எடுக்கிற மனிதருக்குப் போத்தல் தெரியவில்லை. ஆண்களின் கண் இவ்வளவுதான் என்று அன்றைக்கு நினைத்தேன். அவர் போத்தலைத் திறக்கவில்லையே என்று நிம்மதியாகவும் இருந்தது.

நாலாவது திங்கட்கிழமை, யாருமே எதிர்பாராதபோது, கிரேன் வந்துவிட்டது. காலை ஒன்பது மணி. முற்றம் முழுக்கச் சத்தம். நாங்கள் அடித்த நீலப் பெயின்ற் காய்ந்து பளபளவென்று நின்றது. இவர் புது மாப்பிள்ளை மாதிரிச் சவரம் செய்து, காவல்காரர் எங்கிருந்தோ தேடித் தந்த களிசானைப் போட்டிருந்தார். பின்னேரம் நாங்கள் கடலில் இருப்போம். நான் இரண்டு குளிசையை ஒன்றாக விழுங்கிவிட்டு இறங்கினேன். பத்துப் படி இறங்கினேன். கடைசிப் படியில் கால் நின்றுவிட்டது. ஏணியை இரண்டு கையாலும் பிடித்தபடி, பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பியபோது இவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்டுமில்லை, கால் விறைச்சுப் போச்சு" என்றேன்.

இவர் திரும்பிக் காவல்காரரைப் பார்த்து, கையால் என்னைக் காட்டி, முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "செஞோரா! கதிரை! கதிரை!"

காவல்காரர் கையிலிருந்த கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். கிரேன்காரர் எஞ்சினை நிறுத்தினார். அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். எல்லாரும் "கதேரா, கதேரா" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு என்னுடைய இடுப்பைப் பார்த்தார்கள். அந்த ஊரில் கதேரா என்றால் இடுப்பு. அது எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு கதிரை கேட்டதற்கு நாலு பேர் என்னைத் தூக்குகிறார்கள் என்பது. அதுவும், பத்தடி தள்ளி, வேலையாட்கள் மத்தியானம் சாப்பிடுகிற புளியமரத்துக்குக் கீழே, நாலு வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரைகள் சும்மா கிடந்தன. தூக்கிப் போட்டிருந்தால் முடிந்தது. இந்த மனுசன் கதிரை கேட்டுக்கொண்டு நிற்கிறது! என்னை ஒரு பிக்கப் வாகனத்தில் ஏற்றினார்கள். இவரும் ஏறினார்.

"என்னைக் கொண்டுபோய் எங்கை விடப்போறாங்கள்? சொல்லுங்கோ அவங்களுக்கு, கதிரைதான் கேட்டனான் எண்டு!"

"சொன்னனான், விளங்கேல்லையாம்" என்றார்.

விட்ட இடம் ஒரு சின்ன கிளினிக். டொக்டர் இளம் பெண், ஆங்கிலம் நன்றாகக் கதைத்தாள். வந்தது வந்துவிட்டீர்கள், ஒரு எக்ஸ்ரே எடுப்போம் என்றாள். எவ்வளவு நாளாக நோகிறது என்று கேட்டாள். நோவில்லை என்றேன். படத்தைத் தூக்கிப் பிடித்து இன்னொரு முறை கேட்டாள். இரண்டு கிழமை என்றேன். அவள் இவரைப் பார்த்து, இந்த மூட்டு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது, இதற்குச் சில வருடங்கள் எடுத்திருக்கும் என்றாள். ஏணி கூடாது, படகு கூடாது, ஊருக்குப் போய் ஒப்பரேசன் செய்யவேண்டும். இவர் "ஓம், ஓம்" என்று தமிழிலேயே தலையாட்டினார். ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை. அதிர்ச்சியில் இருக்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் பேசினேன். நாலு கிழமை காத்திருந்து, கிரேன் வந்த அண்டைக்குத்தான் உங்களுக்கு வாய் திறக்கவேணுமோ என்று. சொல் தெரியாட்டில் பொத்திக்கொண்டு இருக்கிறதுக்கென்ன என்று. கோபம் என்று சமாளித்தேன், உண்மையில் எனக்கு அழுகை வந்தது. எல்லாம் என்னுடைய ஒரு இடுப்பால் போயிற்று. பிளேனுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. கரையோரம் ஒரு அறை எடுத்தோம். எங்கள் நீலப் படகை இறக்கி, குடாவில் நங்கூரம் போட்டு விட்டிருந்தார்கள். இவர் ஐந்து நாளும் வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்.

"பெயின்ற் நல்லா வந்திருக்கு" என்றார்.

ஊருக்கு வந்தேன், கதையைச் சொல்லத் தொடங்கினேன். பிக்கரிங்கில் இருக்கிற மகள்தான் முதலில் கேட்டாள். "அம்மா, ஆர் யூ சீரியஸ்? அப்பா செயார் கேட்டதுக்கு உங்களுக்கு எக்ஸ்ரே எடுத்தவையா?" என்று காரை ஓரமாக நிற்பாட்டிச் சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நான் நடித்தும் காட்டினேன், இவருடைய குரலில் "கதிரை! கதிரை!" என்று. தமிழ்க்கடையில் மரக்கறி நிறுக்கிறவர், இவரைக் கண்டதும், "என்னண்ணை, கதிரை ஒண்டு போடட்டோ?" என்பார். இவரும் சேர்ந்து சிரிப்பார். ஏழு மாதம் சிரித்தார். ஒரு தரமாவது கோபித்ததில்லை. என்னிடம் யாராவது இடுப்பு எப்படி என்று கேட்டால், டொக்டர்மார் தேய்ஞ்சுபோச்சு எண்டுகினம், எனக்கு ஒண்டும் செய்யேல்லை என்பேன். அந்தக் கோடை எங்கள் படகு ஏரியில் இறங்கவில்லை.

போன மாதம் வெக்ஸ்போர்ட்டில் எலும்பு டொக்டரிடம் என்னுடைய முறை வந்தது. காத்திருக்கும் அறை நிறைந்திருந்தது. கைத்தடியோடு ஒரு வயதான அம்மா வந்தார், போனில் ஸ்பானிஷ் கதைத்துக்கொண்டு. இடம் இல்லை. இவர் சட்டென்று எழும்பி, தான் இருந்ததைக் கையால் தட்டிக் காட்டி, "சீயா, சீயா" என்றார். அந்த அம்மா நன்றி சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் உட்கார்ந்திருந்த கதிரையைப் பார்த்தேன். சோள ரொட்டிக் கடை நினைவுக்கு வந்தது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, எனக்கு உட்கார ஒன்று கேட்டு வாங்கித் தந்த மனிதர்.

"இஞ்சாருங்கோ. கிரேன் வந்த அண்டைக்கு நீங்கள் ஏன் சீயா எண்டு கேக்கேல்லை?"

இவர் சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தை வாசிக்கத் தொடங்கினார். "அவசரத்திலை தமிழ் வந்திட்டுது."

"புளியமரத்துக்குக் கீழை நாலு கதிரை கிடந்தது."

"ஓம், கிடந்தது."

"சீரகப் போத்தலும் கண்ணுக்கு முன்னாலைதான் நிண்டது."

"அதிலை சீரகம் இல்லைத்தானே" என்றார், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கதேரா என்றால் இடுப்பு என்று இவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. நாலு கிழமை வெயிலில் நின்று பெயின்ற் அடித்துப் பார்த்திருந்த கடல், அன்று பின்னேரம் கிடைக்க இருந்த கடல். அதை ஒரு சொல்லால் தட்டிவிட்டு, மோட்டு மனுசன் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு, ஏழு மாதம் ஊரோடு சேர்ந்து சிரித்திருக்கிறார். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவள் நான்.

"என்னட்டை நேராக் கேட்டிருக்கலாமே?"

"எத்தினை தரம் கேட்டனான். நீர் ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை எண்டனீர்."

உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். இவர் கையை நீட்டினார். வழக்கமாக அந்தக் கையைத் தட்டிவிட்டு, கால் விறைச்சுப் போச்சு என்று சொல்லி நானே எழும்புவேன். அன்று பிடித்தேன்.

"நோகுதப்பா" என்றேன்.

"தெரியும்" என்றார். "மெல்ல எழும்பும்."